டிரம்ஸ் கற்க ஆசையா? கடனுக்கு முன் கைப்பழக்கம்!



சில மாதங்களுக்கு முன் நம் கூட்டமைப்பைச் சேர்ந்த அம்பத்தூர் குழு ஒன்றின் மாதக் கூட்டத்தில் ஒரு கடன் விண்ணப்பம் வந்தது. கேட்டவர் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பெண்ணின் தாய். தொகை ரூ.25,000. காரணம்: மகளுக்கு டிரம் செட் வாங்க வேண்டும், ஆன்லைனில் கற்றுக்கொள்ளப் போகிறாள்.

கூட்டத்தில் உடனே சலசலப்பு. "என்னக்கா இது, தையல் மிஷினுக்குக் கேட்டா புரியுது. பொம்பளப் புள்ளைக்கு எதுக்குக்கா டிரம்ஸு?" என்றார் ஒரு உறுப்பினர். "லைன் வீட்ல வெச்சு அடிச்சா பக்கத்து வீட்டுக்காரங்க சும்மா விடுவாங்களா?" என்றார் இன்னொருவர். அந்தத் தாய் தலை குனியவில்லை. "பையன் கேட்டிருந்தா இப்படிப் பேசுவீங்களா? அவ ஸ்கூல்லருந்து வந்து பாத்திரத்தைக் கவுத்துப் போட்டுத் தட்டிக்கிட்டே இருக்கா. ஆசைப்படறா. கத்துக் குடுக்கணும்னு நினைக்கிறேன்" என்றார்.

கேள்வி நியாயமானது. ஆனால் பதில் சொல்ல யாருக்கும் விவரம் தெரியவில்லை. அதனால் கடனை மறுக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. மூன்று மாதம் தள்ளி வைத்து, விசாரித்து வரும்படி எங்களிடம் பொறுப்பு கொடுத்தார்கள். தெரிந்துகொண்டதையும், நாங்களே ஸ்டிக் பிடித்துப் பார்த்ததில் புரிந்ததையும் இங்கே எழுதுகிறோம். ஆவடி, பூந்தமல்லி பக்கமிருந்தும் இதே கேள்வி வருவதால் எல்லோருக்கும் பயன்படும்.

பெண்ணுக்கு எதற்கு டிரம்ஸ்?

முதலில் இதைப் பேசிவிடுவோம். தாள வாத்தியம் ஆண்களுக்கு உரியது என்ற நினைப்பு நம் ஊரில் வெகு காலமாக இருக்கிறது. அதை உடைத்த பெண்களும் நம் ஊரிலேயே இருந்திருக்கிறார்கள்.

புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளையிடம் கற்று மேடையில் மிருதங்கம் வாசித்தவர் திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள். 1910-ல் பிறந்தவர். அந்தக் காலத்தில் ஒரு பெண் மிருதங்கத்தோடு மேடையில் உட்காருவது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

கடம் வாசிக்கும் சுகன்யா ராம்கோபாலைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். சென்னையில் விக்கு விநாயக்ராமின் தந்தை ஹரிஹர சர்மா நடத்திய பள்ளிக்கு வயலின் கற்கப் போன சிறுமி, மிருதங்கத்தில் மனதைப் பறிகொடுத்தார். பிறகு கடத்துக்கு வந்தார். பெண்ணின் கைக்குக் கடம் தாங்குமா என்ற தயக்கம் இருந்தது. ஹரிஹர சர்மா தைரியமாகச் சொல்லிக் கொடுத்தார். தேர்ச்சி பெற்ற பிறகும் தடை தீரவில்லை. பெண் கடம் வாசித்தால் நாங்கள் உட்கார மாட்டோம் என்று சொன்ன ஆண் கலைஞர்கள் இருந்தார்கள். அவர் 1995-ல் பெண்களை மட்டுமே கொண்ட 'ஸ்த்ரீ தாள் தரங்' என்ற குழுவைத் தொடங்கினார். கதவு திறக்காதபோது பெண்கள் சேர்ந்து தனிக் கதவு வைத்துக்கொள்வது நமக்குப் புதிதல்ல. நம் குழுக்களும் அப்படித்தானே பிறந்தன?

திண்டுக்கல்லில் 1990-ல் சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழு இன்னொரு உதாரணம். பறை என்றால் சாவுக்கு அடிப்பது, தாழ்ந்தது என்று ஒதுக்கி வைத்த ஊர்களில், தலித் இளம் பெண்களே பறையைக் கையில் எடுத்தார்கள். ஆடிக்கொண்டே அடித்தார்கள். பறையோடு தையல் போன்ற கைத்தொழில்களும் அங்கே கற்றுத் தரப்பட்டன. அமெரிக்க இசை ஆய்வாளர் ஜோயி ஷெரினியன் இவர்களைப் பற்றி 'சக்தி வைப்ரேஷன்ஸ்' என்று ஆவணப்படமே எடுத்திருக்கிறார். மதுரையைச் சேர்ந்த பறை இசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஒதுக்கி வைத்த வாத்தியத்துக்கு நாட்டின் மரியாதை வந்து சேர்ந்திருக்கிறது.

வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் 1912-ல் பிறந்த வயோலா ஸ்மித் என்ற பெண்மணி, ஆண்கள் மட்டுமே உட்கார்ந்த இடத்தில் டிரம் செட் வாசித்துப் பெயர் வாங்கினார். 107 வயது வரை வாழ்ந்து 2020-ல் காலமானார். தென்னாப்பிரிக்காவில் 2010-ல் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த நந்தி புஷெல் என்ற சிறுமி ஐந்து வயதில் டிரம்ஸ் தொடங்கினாள். பெற்றோர் உதவியோடு வீட்டில் வாசித்த வீடியோக்கள் இண்டர்நெட்டில் பரவின. 2020-ல் ஃபூ ஃபைட்டர்ஸ் என்ற புகழ் பெற்ற இசைக்குழுவின் தலைவர் டேவ் குரோலை வீடியோ மூலமாகவே போட்டிக்கு அழைத்தாள். அடுத்த ஆண்டு அவர்களோடு மேடையிலேயே வாசித்தாள்.

எனவே 'பெண்ணுக்கு எதற்கு' என்ற கேள்வியை இத்தோடு விட்டுவிடலாம். 'எப்படி, எவ்வளவு செலவில்' என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

டிரம் செட் என்றால் என்ன?

பார்க்கும்போது மிரட்டும். பிரித்துப் பார்த்தால் எளிது. கால் வைத்து அடிக்கும் பெரிய டிரம், பேஸ் டிரம். இரண்டு கால்களுக்கு நடுவே இருப்பது ஸ்நேர். அடியில் கம்பி இருப்பதால் 'சர்' என்று சத்தம் வரும். அதைச் சுற்றி டாம், தரையில் நிற்கும் ஃப்ளோர் டாம். பிறகு உலோகத் தட்டுகள்: இடது காலால் திறந்து மூடும் ஜோடித் தட்டு ஹை-ஹேட், 'டங்' என்று தொடர்ந்து தட்டுவது ரைடு, 'பளார்' என்று அடிப்பது கிராஷ்.

முன்பெல்லாம் இவற்றை ஆளுக்கு ஒன்றாக இரண்டு மூன்று பேர் வாசித்தார்கள். 1909-ல் அமெரிக்காவின் லுட்விக் சகோதரர்கள் நல்ல கால் பெடல் ஒன்றைச் செய்து விற்கத் தொடங்கியதும், ஒரே ஆள் உட்கார்ந்த இடத்தில் எல்லாவற்றையும் வாசிப்பது பரவியது. இரண்டு கை, இரண்டு கால், நான்கும் தனித்தனி வேலை. ஒரு கையால் குழம்பைக் கிளறி, மறு கையால் குழந்தையைப் பிடித்து, காலால் கதவைத் தள்ளும் நமக்கு இது அவ்வளவு அந்நியம் இல்லை!

முதல் நாளே டிரம் செட் வேண்டுமா?

வேண்டாம். நாங்கள் கேட்டுப் பார்த்த டிரம்ஸ் ஆசிரியர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது இதுதான். முதல் மூன்று மாதம் கற்க வேண்டியது முழுவதும் கையில் இருக்கிறது. அதற்குத் தேவையானவை:

1. ஒரு ஜோடி ஸ்டிக். 7ஏ, 5ஏ, 2பி என்று எண் போட்டிருக்கும். 7ஏ மெல்லியது, சிறு கைக்கு ஏற்றது. 5ஏ நடுத்தரம், பெரும்பாலோர் பிடிப்பது. 2பி தடிமன், தொடக்கத்துக்கு வேண்டாம். வாங்கும்போது கடை மேஜை மேல் உருட்டிப் பாருங்கள். வளைந்த ஸ்டிக் தள்ளாடும்.

2. பிராக்டிஸ் பேட். ரப்பர் ஒட்டிய பலகை. ஸ்டிக் துள்ளித் திரும்ப வேண்டும், சத்தம் குறைவாக இருக்க வேண்டும். கெட்டியான மவுஸ் பேடை பிளைவுட் துண்டில் ஒட்டியும் செய்துகொள்ளலாம். தலையணை மேல் அடிப்பது மணிக்கட்டுக்குப் பயிற்சி, ஆனால் துள்ளல் கிடைக்காது.

3. கைப்பிடி இல்லாத ஸ்டூல். உட்கார்ந்தால் தொடை தரைக்குச் சமமாகவோ, சற்றுச் சரிந்தோ இருக்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியில் கை இடிக்கும்.

4. செல்போனில் மெட்ரோனோம். 'டிக் டிக்' என்று சீராக எண்ணிக் கொடுக்கும் இலவச ஆப்.

எங்களுக்கு ஆன மொத்தச் செலவு ரூ.1,500-க்குள். கேட்ட கடன் ரூ.25,000. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டியில் 20 மாதத் தவணை என்றால், முதல் மாதம் அசல் 1,250, வட்டி 250, ஆக 1,500 கட்ட வேண்டும். குறையும் அசலுக்கு வட்டி போட்டாலும் மொத்த வட்டி 2,625 ஆகும். முதல் தவணைப் பணத்திலேயே பயிற்சியைத் தொடங்கிவிடலாம் என்பதைக் கவனியுங்கள்.

ஸ்டிக், பேட் போன்றவை இசைக் கருவிக் கடைகளில் கிடைக்கும். அண்ணா சாலையில் 1842 முதல் இருக்கும் மியூசி மியூசிக்கல் போன்ற பழைய கடைகளில் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம்.

ஆன்லைன் வகுப்பு எது தரும், எது தராது?

ஆவடியிலிருந்தோ பூந்தமல்லியிலிருந்தோ பெண் பிள்ளையை மாலையில் சிட்டிக்கு வகுப்புக்கு அனுப்பினால், திரும்பி வர இரவு எட்டரை, ஒன்பது ஆகிறது. கூடவே தாயும் போக வேண்டும். அதனால்தான் வீட்டிலிருந்தே கற்பது நமக்குப் பெரிய வசதி. அதில் மூன்று வகை உண்டு.

முதலாவது, யூடியூபில் உள்ள இலவசப் பாடங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் நிறைய இருக்கின்றன. வேகத்தை 0.75 அல்லது 0.5 என்று குறைத்து வைத்து, விரல் எப்படி அசைகிறது என்று எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம். நேரில் எந்த வாத்தியாரும் நூறு முறை செய்து காட்ட மாட்டார். குறை என்னவென்றால், வரிசை கிடையாது. இன்று ஒரு வீடியோ, நாளை வேறொன்று என்று தாவினால் ஒன்றும் நிற்காது. ஒரே ஆசிரியரின் தொடக்கப் பாட வரிசையை எடுத்து முதல் பாடத்திலிருந்து முடிவு வரை பாருங்கள்.

இரண்டாவது, பணம் கட்டிப் பார்க்கும் பதிவு செய்த பாடங்கள். வரிசை இருக்கும், வீட்டுப்பாடம் இருக்கும். ஆனால் நம் தவறைத் திருத்த ஆள் இருக்காது.

மூன்றாவது, வீடியோ காலில் நேரடி வகுப்பு. 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது பல ஆசிரியர்கள் இந்த முறைக்கு மாறினார்கள். ஆசிரியர் நம் கையைப் பார்த்துத் திருத்துவார். இதில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். நாம் தட்டிய சத்தம் அவருக்குச் சற்றுத் தாமதமாகப் போகும், அவர் சத்தம் நமக்கும் தாமதமாக வரும். பேச்சில் இது தெரியாது, தாளத்தில் தெரிந்துவிடும். அதனால் இருவரும் ஒன்றாக வாசிக்க முடியாது. அவர் வாசித்து நிறுத்த, பிறகு நாம் வாசிக்க வேண்டும். 'ஜூம்' மூலம் வகுப்பு என்றால் 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் டிரம் சத்தத்தை இரைச்சல் என்று நினைத்து அதுவே வெட்டிவிடும். போனை முகத்துக்கு எதிரே வைக்காமல் பக்கவாட்டில் வையுங்கள். ஆசிரியர் பார்க்க வேண்டியது மணிக்கட்டையும் காலையும்தான்.

மூன்று வகையிலும் வராத ஒன்று உண்டு. தினமும் நம்மை உட்கார வைப்பது. அதை எந்த ஆப்பும் செய்யாது.

கை பழகும் முறை

ஸ்டிக்கை அடிப்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடியுங்கள். மற்ற விரல்கள் மெதுவாக அணைத்திருக்கட்டும். இறுக்கினால் வலிக்கும். ஸ்டிக் பேடில் பட்டுத் தானே துள்ளித் திரும்ப வேண்டும். பந்தைத் தரையில் தட்டும்போது அமுக்குகிறோமா? இல்லையே. அதுபோலத்தான்.

பிறகு அடிப்படை அடிகள். பெர்க்கஸிவ் ஆர்ட்ஸ் சொசைட்டி என்ற சர்வதேச அமைப்பு 1984-ல் 40 அடிப்படை அடிகளைத் தொகுத்தது. 'ருடிமென்ட்' என்பார்கள். தொடக்கத்தில் மூன்று போதும் (வ என்றால் வலது கை, இ என்றால் இடது கை):

சிங்கிள் ஸ்ட்ரோக்: வ இ வ இ
டபுள் ஸ்ட்ரோக்: வ வ இ இ
பாரடிடில்: வ இ வ வ, இ வ இ இ

மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-ல் வையுங்கள். ஐந்து நிமிடம் பிசகாமல் வந்தால் மட்டும் 65. பிசகினால் 60-க்கே திரும்புங்கள். வேகம் பிறகு தானாக வரும். முதலில் சீர்.

இங்கே நமக்கு ஒரு வசதி உண்டு. நம் ஊர் மிருதங்கப் பாடத்தில் கைக்கு முன் வாய்தான். 'தக திமி' என்று நான்கு, 'தகிட' என்று மூன்று, சொல்லிச் சொல்லித்தான் பழக்குவார்கள். சொற்கட்டு வாயில் வந்தால் கையில் வரும். பாரடிடிலையும் 'தக திமி தக திமி' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டிப் பாருங்கள், எண்ணிக்கை தப்பாது.

இரண்டாவது மாதம் சினிமாப் பாட்டில் அதிகம் கேட்கும் தாளத்துக்கு வரலாம். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு என்று எண்ணி, ஒவ்வொன்றுக்கும் வலது கை இரண்டு தட்டு, ஆக எட்டு. அது ஹை-ஹேட். ரெண்டிலும் நாலிலும் இடது கை. அது ஸ்நேர். ஒண்ணிலும் மூணிலும் வலது கால். அது பேஸ் டிரம். செட் இல்லாமலே, வலது கைக்கு ஒரு கவிழ்த்த பிளாஸ்டிக் டப்பா, இடது கைக்கு பேட், காலுக்குத் தரை. சிவமணி சூட்கேஸ், தண்ணீர் கேன் என்று கையில் கிடைத்ததையெல்லாம் வாசிப்பதைப் பார்த்திருக்கிறோமே! 2019-ல் பத்மஸ்ரீ பெற்ற கலைஞர் அவர்.

ஒரு நாளைக்கு அரை மணி நேரம் போதும். பத்து நிமிடம் ருடிமென்ட், பத்து நிமிடம் தாளம், பத்து நிமிடம் பிடித்த பாட்டோடு. மணிக்கட்டில் வலி வந்தால் அன்று நிறுத்துங்கள். வலியோடு அடித்தால் பிடி தவறாகவே பழகிவிடும். வாரம் ஒரு முறை ஒரு நிமிட வீடியோ எடுத்து வைத்து, மாதக் கடைசியில் முதல் வீடியோவைப் பாருங்கள். அதுவே பாதி வாத்தியார்.

சத்தம், அக்கம்பக்கம், காது

நிஜ டிரம் செட் சுமார் 100 டெசிபல் வரை ஒலி எழுப்பும். ஒலி மாசு விதிகள் 2000-ன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் வரம்பு. ஒட்டு வீட்டிலும் அப்பார்ட்மென்டிலும் நிஜ செட் வைப்பது சண்டைக்கு வழி. சர்ச், சமுதாயக் கூடம், பள்ளி போன்ற இடங்களில் அனுமதி கேட்டு வாசிக்கலாம்.

வீட்டில்தான் வேண்டும் என்றால் எலக்ட்ரானிக் செட் உண்டு. வலைத்துணி போட்ட பேடில் அடித்தால் சத்தம் ஹெட்போனில் நமக்கு மட்டும் கேட்கும். ஆனால் கால் பெடலின் 'தொம் தொம்' அதிர்வு கீழ்வீட்டுக்கு இறங்கும். மாடி வீடு என்றால் தடிமனான ரப்பர் மேட் போட வேண்டும்.

காதையும் பாருங்கள். 100 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் 15 நிமிடத்துக்கு மேல் கேட்டால் காதுக்குக் கேடு என்பது அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. போன செவித்திறன் திரும்பாது. நிஜ செட்டில் உட்காரும்போது காது அடைப்பான் கட்டாயம். ஹெட்போனிலும் சத்தத்தைக் குறைத்தே வையுங்கள்.

பணம் கட்டும் முன் கவனம்!

ஆவடியைச் சேர்ந்த நம் உறுப்பினர் ஒருவர் மகனுக்காக ஒரு ஆன்லைன் நிறுவனத்தில் ஒரு வருடக் கட்டணம் ரூ.12,000-ஐ மொத்தமாகக் கட்டினார். இலவச மாதிரி வகுப்பு அருமையாக இருந்ததாம். "இன்னைக்கு நைட்டுக்குள்ள கட்டினா பாதி விலைம்மா" என்று போனில் அவசரப்படுத்தினார்களாம். மூன்றே மாதத்தில் மூன்று ஆசிரியர்கள் மாறினார்கள். பிறகு வகுப்பே நடக்கவில்லை. பணம் திரும்பவில்லை. அதில் பாதி குழுவில் வாங்கிய உள்கடன். வகுப்பு நின்றாலும் தவணை நிற்கவில்லை, மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறார். "புள்ள ஸ்டிக்கையே தொட மாட்டேங்குறான், பணம் போனதை விட அதுதான் கஷ்டமா இருக்கு" என்று சொன்னபோது எங்களுக்கும் மனம் கனத்தது.

அதனால் இவற்றை மறக்காதீர்கள்:

மாதக் கட்டணம் மட்டும் கட்டுங்கள். வருடக் கட்டணம் வேண்டாம். 'இன்றே கடைசி' என்றால் அன்று கட்டவே வேண்டாம்.

மாதிரி வகுப்பு எடுத்தவரே தொடர்ந்து எடுப்பாரா, நின்றால் பணம் எப்படித் திரும்பும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப் செய்தியும் எழுத்துதான். அழிக்காதீர்கள். ரசீது வாங்குங்கள்.

'ஏழு நாள் இலவசம்' என்று கார்டையோ யு.பி.ஐ.யையோ இணைத்தால், எட்டாம் நாள் பணம் தானாகப் பிடிக்கப்படலாம். இப்படி மாதாமாதம் பிடிக்கும் முன் 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. குறுஞ்செய்தியைப் படியுங்கள். வேண்டாம் என்றால் ஆட்டோ-பேயை நிறுத்துங்கள்.

ஏமாற்றம் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மோசடியாகப் பணம் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். நிறுவனம் வேறு ஊரில் இருந்தாலும் அங்கே அலைய வேண்டியதில்லை.

சான்றிதழ், வருமானம்?

லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் கிரேடு தேர்வுகளில் டிரம் செட்டும் உண்டு. தொடக்க நிலை, பிறகு 1 முதல் 8 வரை. சென்னையில் நேரில் எழுதலாம். வாசித்ததை வீடியோ எடுத்து அனுப்பும் முறையும் இருக்கிறது. கட்டணம் உண்டு, கிரேடு ஏற ஏற அதுவும் ஏறும். ஆன்லைன் நிறுவனம் தானாகவே அச்சடித்துத் தரும் சான்றிதழ் வேறு, இது வேறு. இரண்டையும் ஒன்றாக நினைக்க வேண்டாம். தவில், மிருதங்கம் போன்ற நம் வாத்தியங்களில் விருப்பம் என்றால் கலை பண்பாட்டுத் துறையின் மாவட்ட அரசு இசைப் பள்ளிகளும் இருக்கின்றன.

வருமானம் உடனே வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சர்ச் பாடகர் குழு, பள்ளி பேண்டு, குழந்தைகளுக்குத் தொடக்கப் பாடம் என்று வழிகள் உண்டு. அதற்குச் சில வருட உழைப்பு வேண்டும்.

நம் குழுவில் நடந்தது

தள்ளி வைத்த அந்த மூன்று மாதத்தில் நான்கு பேர் பயிற்சி தொடங்கினார்கள். அந்த மாணவி, இன்னும் இரண்டு பிள்ளைகள், எங்களில் ஒருவர். நாங்கள் செய்த ஏற்பாடு எளிமையானது. சேமிப்புப் புத்தகம் போல ஆளுக்கு ஒரு நோட்டு. தேதி, எத்தனை நிமிடம், மெட்ரோனோம் எண், அம்மா கையெழுத்து. சனிக்கிழமை நால்வரும் ஒரு வீட்டில் கூடி ஒருவர் வாசிக்க மற்றவர் எண்ண வேண்டும்.

இரண்டு பேர் முதல் மாதத்திலேயே நின்றுவிட்டார்கள். தப்பில்லை. அவர்களுக்கு நட்டம் ஸ்டிக், பேட் பணம் மட்டுமே. அந்த பேட் இப்போது வேறு பிள்ளையிடம் இருக்கிறது. எங்கள் ஆள் தடுமாறித் தடுமாறித் தொடர்கிறார்! அந்த மாணவியின் நோட்டில் 90 நாட்களில் 81 நாள் கையெழுத்து இருந்தது. 60-ல் தொடங்கியவள் 100-க்கு வந்திருந்தாள்.

அடுத்த கூட்டத்துக்கு அந்தத் தாய் நோட்டைக் கொண்டு வந்தார். மகளும் வந்தாள். பேடை மேஜை மேல் வைத்து, இரண்டு நிமிடம் வாசித்துக் காட்டினாள். "எதுக்குக்கா டிரம்ஸு" என்று முன்பு கேட்ட உறுப்பினர்தான் முதலில், "இன்னொரு வாட்டி வாசிம்மா" என்றார். கடனையும் அவரே முன்மொழிந்தார். தொகையில் ஒரு மாற்றம். கற்றுக்கொடுக்கும் ஆசிரியர் சோதித்துப் பார்த்துச் சொன்ன, ஒருவர் பயன்படுத்திய எலக்ட்ரானிக் செட்டுக்கு ரூ.15,000. தீர்மானம் எழுதி எல்லோரும் கையெழுத்திட்டோம்.

குழு தொடங்கிய அன்றே வங்கி நமக்குக் கடன் தந்ததா? ஆறு மாதம் ஒழுங்காகச் சேமித்து, உள்கடன் சுழன்று, நோட்டுப் புத்தகங்கள் சரியாக இருந்த பிறகுதான் தர மதிப்பீடு செய்தார்கள். டிரம்ஸுக்கும் அதே வழிதான் சகோதரிகளே. முதலில் தினசரி சேமிப்பு, அதாவது அரை மணி நேரப் பயிற்சி. பிறகு கணக்கு, அதாவது நோட்டு. கடைசியில் கடன்.

உங்கள் வீட்டிலும் பாத்திரத்தைக் கவிழ்த்துத் தட்டும் பிள்ளை இருந்தால் அதட்டாதீர்கள். ஒரு ஜோடி ஸ்டிக் வாங்கிக் கொடுங்கள். உங்களுக்கே ஆசை இருந்தாலும் வயதைப் பார்த்துத் தயங்க வேண்டாம். நோட்டில் முதல் தேதியை இன்றே எழுதுங்கள்.